ஆடிட்டரை யார் கூப்பிடுவது?

போன மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்த என்னைப் பெரியப்பா மகன் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ இந்த ஆடிட் வேலையில இருந்தவன்தானே. ஒண்ணு கேக்கோணும்" என்றார்.

அவரோடு சேர்த்து ஆறு பேர். மூன்று பனியன் கம்பெனி, இரண்டு சாயப்பட்டறை, ஒரு பிரிண்டிங் யூனிட். ஒருத்தருக்கொருத்தர் வேலை கொடுத்து வாங்குகிறவர்கள். இதுவரை சரக்கு வாங்குகிற ஒவ்வொரு பையரும் ஒவ்வொரு ஆடிட் கேட்டார்கள், கொடுத்துச் சமாளித்தாயிற்று. இப்போது பெரிய பையர் ஒருவர் தண்ணீர், விறகு, கரண்ட், கார்பன், ஆட்களின் வேலை நேரம் எல்லாவற்றையும் ஒரே சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டாகக் கேட்கிறார். அதை வெளியாள் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமாம். "யாரைக் கூப்பிடலாம், சொல்லு" என்றார் அண்ணன்.

"யாரைங்கறதை அப்புறம் பார்க்கலாம்ண்ணா. யார் கூப்பிடறதுங்கறதை முதல்ல முடிவு பண்ணுங்க" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் எதையோ சொல்கிறானே என்கிற மாதிரி பார்த்தார். மேளச் சத்தத்தில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அவருக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. சான்றிதழ் கொடுக்கிற கம்பெனிகளுக்காகப் பதினொரு வருஷம் கரூரிலிருந்து பொள்ளாச்சி வரை ஆலை ஆலையாகப் போய் ஆடிட் செய்தவன். இப்போது செய்வதில்லை. என் மச்சான் கோவையில் ஆலோசனைக் கம்பெனி நடத்துகிறார். ஆலோசகர்களைப் பற்றிக் கீழே நான் சொல்வதை அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணனுக்கு முன்னால் இருப்பது மூன்று வழி. கம்பெனியே ஆளைக் கூப்பிட்டுக் காசும் கொடுப்பது ஒன்று. பையர் ஆளை அனுப்புவது இன்னொன்று. ஆறு பேரும் பொதுவில் பணம் போட்டு, யார் எந்த யூனிட்டுக்குப் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது மூன்றாவது.

நாமே கூப்பிடுவது

இன்றைக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். வசதியும் இதில்தான் அதிகம். மூன்று கொட்டேஷன் வாங்கலாம், ரேட் பேசலாம், ஷிப்மென்ட் இல்லாத வாரமாகப் பார்த்துத் தேதி கொடுக்கலாம். ஆடிட்டர் எல்லாம் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கவர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் குறைவு. கவர் வாங்காதவர்களுக்கும் அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் சங்கடம்.

ஒரு சாயப்பட்டறைக்குப் போயிருந்தேன். ஊர் வேண்டாம். கழிவுநீரைச் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் ஏற்றி, மிஞ்சும் உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவிட்டு, ஒரு சொட்டு வெளியே விடுவதில்லை என்று கணக்கு. பதிவேட்டில் தினமும் அறுபது கிலோ லிட்டர் எவாப்பரேட்டருக்குப் போயிருந்தது. கையெழுத்து, சீல், தேதி எல்லாம் கச்சிதம். நான் விறகு பில்லைக் கேட்டேன். அந்த மாதிரி எவாப்பரேட்டரில் ஒரு டன் நீராவி நாலு டன் தண்ணீரை ஓட்டும்; ஒரு டன் விறகு எரித்தால் மூன்று டன் நீராவி வரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அறுபது டன் தண்ணீருக்குப் பதினைந்து டன் நீராவி, அதற்கு ஐந்து டன் விறகு. மாதம் இருபத்தாறு நாளுக்கு நூற்றுமுப்பது டன். சாய மெஷின்களுக்கு வேண்டிய நீராவி இதில் சேரவில்லை. பில்லில் இருந்தது பத்து டன் லாரி நாலு.

மேனேஜர் அசரவில்லை. "மீதியெல்லாம் வெயில்ல காயுதுங்க சார். நம்மூரு வெயிலுக்குச் சொல்லோணுமா" என்றார். வெயிலில் காய வைக்கிற தொட்டியைக் காட்டச் சொன்னேன். பின்பக்கம் கூட்டிப்போனார். தொட்டிக்குள் எருக்கஞ்செடி இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தது. உப்புத் தண்ணீர் நின்றிருந்தால் எருக்கு அங்கே பூக்காது.

பார்த்ததை எழுதினேன். என் கம்பெனியில் யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை, நல்லவர்கள்தான். ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பட்டறை எங்களைக் கூப்பிடவில்லை, அதோடு சேர்ந்த இன்னும் இரண்டு யூனிட்டும் கூப்பிடவில்லை. வருஷக் கடைசியில் என் மேலதிகாரி, "எழுதினது சரிதான். எழுதற விதத்துல கொஞ்சம் நெளிவு சுளிவு வேணும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு விறகு பில் கேட்கும்போதெல்லாம் அந்த 'நெளிவு சுளிவு' என் காதில் கேட்கும். நம்மூரில் ஓர் ஆடிட்டரை 'நல்ல ஆளுங்க' என்று சிபாரிசு செய்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தொந்தரவு தர மாட்டார் என்று அர்த்தம்.

இது என் புலம்பலோடு போகிற விஷயம் இல்லை. குஜராத்தில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். அங்கே 1996-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் ஆலைகளுக்கு வெளியாள் சுற்றுச்சூழல் ஆடிட் வந்தது. ஆலையே ஆடிட்டரைப் பிடிக்கும், ஆலையே காசு கொடுக்கும். பின்னால் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டூஃப்லோவும் மூன்று பொருளாதார ஆய்வாளர்களும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து, அகமதாபாத், சூரத் பக்கம் 473 ஆலைகளை வைத்து இரண்டு வருஷம் சோதனை நடத்தினார்கள். சூரத் என்றால் சாயம், பிரிண்டிங் என்று நம்மூர் மாதிரியேதான். புகையில் வரும் தூசுக்கு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். பழைய முறையில் போன ஆடிட்டர்களின் அளவுகள் அந்த 150-க்கு ஒட்டிக் கீழேயே வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. அவர்கள் ரிப்போர்ட்டின்படி வரம்பு மீறிய ஆலைகள் நூற்றுக்கு 7. தனியாகப் போய் அளந்தபோது 59.

பாதி ஆலைகளுக்கு முறையை மாற்றினார்கள். யார் எங்கே போவது என்பது குலுக்கல். காசு பொது நிதியிலிருந்து, எல்லோருக்கும் ஒரே ரேட். சில இடங்களில் பின்னாலேயே இன்னொருவர் போய் மறுபடி அளப்பார். அடுத்த வருஷம், சரியாக அளந்தவருக்குக் கூடுதல் பணமும் சேர்த்தார்கள். வரம்பு மீறியதைச் சரி என்று எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளின் மாசும் குறைந்தது. போனவர்கள் அதே ஊர், அதே தொழில்காரர்கள். ஒழுக்க வகுப்பு எதுவும் யாரும் எடுக்கவில்லை. 2015-ல் குஜராத் வாரியம் ஆடிட்டரைக் குலுக்கிப் போடுவதை விதியாகவே கொண்டுவந்தது.

சரி, அப்படியும் நாமேதான் கூப்பிடுவோம் என்றால் எந்த மாதிரி ஆளை?

பெரிய வெளிநாட்டுப் பெயராகப் பார்த்துப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். கராச்சியில் 2012 செப்டம்பர் 11 அன்று ஒரு துணி ஆலை எரிந்து 250-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் அந்த ஆலைக்குத் தொழிலாளர் நலனுக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. கொடுத்தது பேர்பெற்ற ஐரோப்பியக் கம்பெனி. அடுத்த ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர். அந்தக் கட்டடத்தில் இருந்த கம்பெனிகளில் சிலவற்றுக்கு ஆடிட் நடந்துதான் இருந்தது. கட்டடம் நிற்குமா என்பது அந்த ஆடிட் பட்டியலில் இல்லை. சான்றிதழில் பெரிய பெயர் இருக்கும், வாசலில் வந்து இறங்குகிறவர் நாள் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருத்தராக இருப்பார். பல வருஷம் அந்த ஒருத்தர் நான்தான்.

கோவையில் இருக்கும் சி.ஏ. அலுவலகத்தைக் கூப்பிடுவது இன்னொரு யோசனை. அவருக்குப் பறிபோக ஒரு லைசென்ஸ் இருக்கிறது, தவறு செய்தால் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் கேட்கும். ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று ஆளை மாற்றுவதும் 2013 கம்பெனிச் சட்டத்தால் பெரிய கம்பெனிகளில் பழகிவிட்டது. பில்லுக்கும் பதிவேட்டுக்கும் முடிச்சுப் போடுவதில் அவர்களை அடிக்க ஆள் இல்லை. ஆனால் பட்டறையின் பின்பக்கம் போய் எருக்கஞ்செடியைப் பார்ப்பாரா? கூடவே பாய்லர் தெரிந்த ஓர் இன்ஜினியரைக் கூட்டி வருவேன் என்று சொல்கிற சி.ஏ. கிடைத்தால் விட வேண்டாம். வேலை நேரம், சம்பளம் பார்க்க வருகிற சோஷியல் ஆடிட்டருக்கும் இப்போது ஆப்ஸ்கா என்கிற சங்கத்தின் பதிவு உண்டு. அதில் பேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். பறிபோக ஒன்று கையில் இருப்பவர் கொஞ்சம் யோசித்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

கூப்பிடுகிற ஆட்களில் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 'நாங்களே ஃபைல் ரெடி பண்ணித் தந்து, நாங்களே ஆடிட்டும் முடிச்சுத் தர்றோம்' என்கிற பேக்கேஜ். ஒரு பனியன் கம்பெனியில் குழந்தைத் தொழிலாளர் தடுப்புக் கொள்கை என்று ஓர் அழகான புத்தகம் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. போன மாதம் நான் பார்த்துவிட்டு வந்த கம்பெனி. இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தது ஒரே ஆலோசகர். அவருடைய பங்காளி வைத்திருக்கும் கம்பெனிதான் இதற்கு முந்தின வருஷம் சான்று கொடுத்திருந்தது. தான் எழுதின விடையைத் தானே திருத்தினால் மார்க் எப்படி வரும்?

இதைத் தடுக்க விதிகள் இல்லாமல் இல்லை. மேலாண்மை முறைகளுக்குச் சான்று கொடுப்பவர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17021 விதிப்படி, ஓரிடத்தில் ஆலோசனை சொன்னவர் குறைந்தது இரண்டு வருஷம் அந்த இடத்துக்கு ஆடிட்டராகப் போகக் கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி இன்னும் கறார். பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய கம்பெனிகள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிக் கொடுக்கிற பி.ஆர்.எஸ்.ஆர். கோர் அறிக்கையைச் சரிபார்ப்பவரோ, அவரோடு சேர்ந்த நிறுவனங்களோ, அந்தக் கம்பெனிக்கும் அதன் குழுமத்துக்கும் ஆலோசனை உட்பட வேறு சேவை விற்கக் கூடாது என்று 2023 ஜூலையில் சொல்லிவிட்டது. முதலில் 150 கம்பெனி, அப்புறம் 250, 500 என்று ஏறி 2026-27-ல் 1,000 கம்பெனி வரை அது வருகிறது. அண்ணனின் ஆறு யூனிட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனால் நூல் கொடுக்கிற கோவை மில் அதற்குள் வந்தால், அவர்கள் கேள்வித்தாள் இங்கே வர எத்தனை நாளாகும்?

பையர் அனுப்புவது

ஏறக்குறைய 17,000 ஆலை ஆடிட்டுகளை வைத்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. சப்ளையர் காசு கொடுத்த ஆடிட்டில் குற்றங்குறை குறைவாக எழுதப்படுகிறது, பையர் கொடுத்ததில் அதிகம் எழுதப்படுகிறது என்று கண்டார்கள். அந்த அளவுக்கு இந்த வழி முதல் வழியைவிட மேல்தான். சப்ளையரின் அடுத்த வருஷக் கூப்பிடுதலுக்காக ஆடிட்டர் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பையருக்கு மட்டும் சரக்கு வேண்டாமா? ஒரே பையரின் ஒரு டிபார்ட்மென்ட், வாரம் அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆள் வேலை செய்யக் கூடாது என்று ஆடிட்டரை அனுப்பும். இன்னொரு டிபார்ட்மென்ட், டிசைனை மூன்று வாரம் தாமதமாக முடிவு செய்துவிட்டு, கப்பல் தேதியை மட்டும் நகர்த்தாது. இடையில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டாமல் என்ன செய்வது? பையர் அனுப்பிய ஆடிட்டர் ஆலையின் தப்பை எழுதுவார். பையரின் தப்பை எழுத அவர் படிவத்தில் கட்டமே கிடையாது. அவர் சார்பில்லாதவர் என்று சொல்வதைவிட, வேறு பக்கம் சாய்ந்தவர் என்று சொல்வது சரி.

ரிப்போர்ட் பையரின் சொத்து என்பது இன்னொரு தலைவலி. பல பேர் அதை இன்னொருத்தருக்குக் காட்ட விட மாட்டார்கள். ஆக ஏழு பையர் என்றால் ஏழு ஆடிட், அதே ஃபயர் எக்ஸ்டிங்குஷரை ஏழு பேர் போட்டோ எடுப்பார்கள். ஜாப் ஒர்க் போகிற சின்ன யூனிட்டை ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பையர் அனுப்புவதில் நான் மெச்சுவது ஒன்றே ஒன்று: சொல்லாமல் வருவது. சொல்லிவிட்டு வருவது, இந்த மூன்று வாரத்துக்குள் ஒரு நாள் என்று பாதி சொல்லிவிட்டு வருவது, சொல்லாமலே வருவது என்று மூன்று வகை உண்டு. முதல் வகையில் நான் பார்த்ததெல்லாம் புதுப் பெயின்ட் வாசனைதான். ஒரு தடவை சொல்லாமல் போன இடத்தில் வருகைப் பதிவேடு ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் லீவு என்று காட்டியது. கம்ப்யூட்டர் கணக்கும் அதையே சொன்னது. ஆட்களைக் கேட்டால் "எட்டு மணி நேரந்தாங்க, ஞாயித்துக்கிழமை லீவுங்க" என்று ஒரே குரலில் ஒப்பித்தார்கள். ஒடிசாப் பையன்களிடம் சூப்பர்வைசரே இந்தியில் கேட்டு அவரே தமிழில் பதில் சொன்னார்! சலித்துப்போய்க் கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கம்பெனிக்குப் போகிற டீக்குக் கடைக்காரர் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி வாரியாகக் கணக்கு எழுதி வைத்திருந்தார். நாலு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் நூற்றுநாற்பது, சாயங்காலம் நூற்றுநாற்பது. லீவு நாளில் அத்தனை டீயை யார் குடித்தது?

சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்த நோட்டும் வீட்டுக்குப் போயிருக்கும்.

பொதுப் பணம், குலுக்கல்

இதுதான் நான் அண்ணனுக்குச் சொல்வது. குஜராத்தில் ஒரு வாரியம் செய்ததை ஆறு பேர் தங்களுக்குள் செய்ய முடியுமா? எனக்கு முடியும் என்றுதான் படுகிறது. குலுக்கல் சீட்டு நடத்தத் தெரிந்த ஊருக்கு இது பெரிய வித்தை இல்லை.

ஆறு பேரும் வருஷ ஆரம்பத்திலேயே பொதுக் கணக்கில் பணம் கட்டிவிட வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு கட்டுவது என்று வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஆளும் பதிவும் சரிபார்த்து எட்டுப் பத்துப் பேர் கொண்ட ஒரு பட்டியல். வேலை அளவுக்குத் தக்கபடி ரேட்டை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும், பேரம் கிடையாது. யார் எந்த யூனிட்டுக்கு என்பதைப் பையரின் ஆள் முன்னால் குலுக்கி எடுப்பது. தேதி யூனிட்காரருக்குத் தெரியக் கூடாது. ஆறில் ஒரு யூனிட்டுக்கு, எது என்று சொல்லாமல், இரண்டாவதாக இன்னொருத்தர் போய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு (டி.டி.எஸ்.), விறகு, ஆள் கணக்கு மூன்றை மட்டும் மறுபடி பார்ப்பது. முதல் ஆளுக்கும் இரண்டாம் ஆளுக்கும் கணக்கு எக்கச்சக்கமாக இடித்தால், யார் தப்பாக எழுதினாரோ அவர் பெயர் பட்டியலிலிருந்து போகும். ரிப்போர்ட் ஒரே நாளில் ஆறு பேருக்கும் பையருக்கும் போக வேண்டும். முதலில் கம்பெனிக்கு 'டிராஃப்ட்' அனுப்பித் திருத்தம் கேட்பது வேண்டாம். எண் தப்பு இருந்தால் தனித் தாளில் மறுப்பு எழுதட்டும்.

"என் பட்டறை கணக்கை எதுக்குப் பக்கத்துப் பட்டறைக்காரன் பார்க்கோணும்?" என்று அண்ணன் கேட்பார் என்று தெரியும். இந்த இடத்தில் கொஞ்சம் பழசைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். நொய்யல் ஆற்றில் வந்த சாயத் தண்ணீரால் அது கழிவுத் தொட்டியாகிப் போனது. கீழே வெள்ளாமை செய்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்போது ஒழுங்காக உப்பெடுத்து, கடன் வாங்கி எவாப்பரேட்டர் போட்டவனும் மூடினான், ராத்திரி மழையோடு மழையாகத் திறந்துவிட்டவனும் மூடினான். யார் திறந்துவிடுகிறார் என்பது பக்கத்துப் பட்டறைக்குத் தெரியாமலா இருந்தது? நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சொல்லத்தான் யாரும் இல்லை. பக்கத்துப் பட்டறைக்காரன் கணக்கு சரியாக இருப்பதில் உங்களுக்கும் லாப நஷ்டம் உண்டு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா, அண்ணா?

இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது. ஆறு பேர் என்பது குறைவு. ஆறு பேரும் ஒரு ராத்திரியில் கூடிப் பேசி, 'எல்லாருக்கும் நல்லபடியா முடிச்சுக்கலாம்' என்று முடிவெடுத்துவிட முடியும். பட்டியலை யார் வைத்திருப்பது என்பதிலேயே சண்டை வரும். இதுவரை செலவைத் தள்ளிப்போட்ட சின்ன யூனிட்டுக்குப் பணமும் அதிகம் ஆகும். பையர் இந்த முறையை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுக்காவிட்டால் ஏழு பேர் ஃபயர் எக்ஸ்டிங்குஷரைப் போட்டோ எடுப்பதும் நிற்காது. ஆகவே முதல் வேலை அந்தக் கடிதத்தை வாங்குவது.

எல்லாவற்றையும் மீட்டரை வைத்தே பார்த்துக்கொள்ளலாமே, மனுஷன் எதற்கு என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். மீட்டருக்கு ஒரு பைபாஸ் பைப் போட எங்கள் ஊர் பிளம்பருக்கு அரை மணி நேரம் போதும்.

உறவுக்காரர் ஊரில் ஆடிட்

எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் ஓர் ஆள் வாசலில் வந்து நிற்பார். அங்கேதான் கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு விஷயம் வருகிறது. கேட்டைத் தாண்டி உட்கார்ந்ததும் இளநீர் வரும். அடுத்த கேள்வி, "சாருக்கு எந்த ஊருங்க?" சொன்னால், "அங்க யாரு வீடுங்க?" அப்புறம், "கோயில் எதுங்க?" மூன்றாவது கேள்விக்குள் நான் அவருக்கு மாமனோ மச்சானோ பங்காளியோ ஆகிவிடுவேன். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் கேட்போம். ஆனால் பங்காளி என்று தெரிந்த பிறகு பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று எழுதுவது எத்தனை கஷ்டம் என்பது எழுதியவனுக்குத்தான் தெரியும்.

நான் வைத்திருந்த வழக்கம் இது: மதியச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோய்விடுவேன். அதற்கே முகம் சுண்டியவர்கள் உண்டு, நம் பக்கம் சாப்பிடாமல் போவது அவமரியாதை. கோவை ஏர்போர்ட்டுக்கு அவர்கள் அனுப்பும் காரில் ஏற மாட்டேன். கிளம்பும்போது டிக்கியில் வைக்கிற டி-சர்ட் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சொந்தம் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே ஆபீசுக்கு போன் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொல்வேன். இரண்டு தடவை செய்தேன். மூன்றாவது தடவை, தூரத்துச் சொந்தம்தானே என்று விட்டுவிட்டேன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதைவிட மோசமானது ஒன்று, அதில் சொந்தமும் கிடையாது, கவரும் கிடையாது. ஒரு கம்பெனிக்கு நாலாவது வருஷமாகப் போனேன். எச்.ஆர். மேடத்தின் பையன் எந்த வகுப்பு படிக்கிறான் என்பது வரை தெரியும். இரண்டாம் மாடியில் அவசர வாசல் கதவுக்கு வெளியே துணிப் பேல் அடுக்கியிருந்தது. "இப்ப எடுத்துடறேங்க சார், லோடு வந்துட்டிருக்கு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன், எழுதவில்லை. முதல் வருஷமாக இருந்தால் போட்டோவோடு எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்து ராத்திரி கராச்சி ஞாபகம் வந்தது. அங்கே செத்தவர்களில் நிறையப் பேர் வழி கிடைக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள். மேலே சொன்ன 17,000 ஆடிட் ஆய்விலும் இது வருகிறது: முன்பே அந்த ஆலைக்குப் போனவர் போனால் குறை குறைவாகத்தான் எழுதுகிறார். ஆண்கள் மட்டுமே போன குழுவும் குறைவாக எழுதுகிறது என்று அதிலேயே இருக்கிறது. ஆட்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கிற நம் கம்பெனிகளுக்குக் குழுவில் ஒரு பெண்ணாவது இல்லாமல் ஆடிட் வருவதில் அர்த்தமே இல்லை. ஹாஸ்டலில் என்ன நடக்கிறது என்று என்னிடம் எந்தப் பெண்ணும் வாய் திறந்ததில்லை. கூட வந்த சகோதரியிடம் பத்து நிமிஷத்தில் சொன்னார்கள்.

ஆக, பட்டியலில் யாராக இருந்தாலும் ஒரே யூனிட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் கையெழுத்தில் என்ன எழுதி வாங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 'எங்கள் கண்ணில் தப்பு எதுவும் படவில்லை' என்பது ஒரு வகை உறுதி. 'நாங்கள் பார்த்தவரை இது சரியாக இருக்கிறது' என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு வேலையும் காசும் அதிகம், முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவது மாதிரிப் பேசக் கூடாது. 2024 நவம்பரில் வெளியான ஐ.எஸ்.எஸ்.ஏ. 5000 என்கிற சர்வதேசத் தரம் இரண்டுக்குமான வேலையைப் பிரித்துச் சொல்கிறது. 2026 டிசம்பர் 15 முதல் தொடங்கும் கணக்குக் காலங்களுக்கு அது நடைமுறைக்கு வருகிறது. சி.ஏ.வாக இல்லாதவரும் அதன்படி செய்யலாம், ஆனால் சி.ஏ.க்களுக்கு உள்ள அளவுக்குக் கறாரான ஒழுக்க விதிக்குக் கட்டுப்பட வேண்டும். அண்ணனின் ஆறு யூனிட்டுக்கு முதல் வருஷம் முதல் வகையே போதும். தண்ணீர்க் கணக்குக்கு மட்டும் இரண்டாவது வகை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

வேலை நேர விஷயத்துக்குக் குலுக்கல் மட்டும் போதாது என்றும் எழுதினேன். அதற்குப் பையரின் ஆள் சொல்லாமல் வரட்டும், அதே சமயம் அந்த வருஷம் டிசைனை எத்தனை தடவை மாற்றினார்கள், ஆர்டர் என்றைக்குக் கொடுத்தார்கள் என்பதையும் ரிப்போர்ட்டில் ஒரு பக்கமாகச் சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்வார்களா என்றால் சந்தேகம்தான்.

இதை அனுப்பி நாலு நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். ஐந்து பேர் சம்மதமாம். பணம் முன்கூட்டிக் கட்டுவதற்குக்கூட யாரும் முனகவில்லை. ஆறாவது ஆள் மட்டும், பட்டியலில் தன் மச்சினன் பெயரைச் சேர்த்தால் சரி என்கிறாராம். "பையன் நல்ல பையன்தான், இன்ஜினியரிங் படிச்சிருக்கான், நீயே பார்த்திருக்கே" என்றார் அண்ணன்.

"நல்ல பையன்தாண்ணா. அவன் பேர் வேண்டாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப ஞாயித்துக்கிழமை பெருந்துறைக்கு நீயே வந்து சொல்லிரு, நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.